ரகசியத் தகவலுக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோனதால் அல்ல; அதை மறக்க எங்கள் ஊரில் யாருக்கும் வழி கிடையாது. குடத்தில் இருக்கும், சருவப் பானையில் இருக்கும், ஏணியில் படிக்குப் படி இருக்கும். மருந்து தெளிக்கும் டப்பாவின் முதுகில் இருக்கும். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வர வேண்டிய இடத்தில் வெளிச்சத்துக்குப் பதிலாக அதுதான் இருக்கும். உலகத்தில் அவர் பெயர் இல்லாத இடம் ஒன்றாவது இருக்கட்டும் என்று இந்தக் கட்டுரையைக் காலியாக விடுகிறேன். ஒரு காலத்தில் அவர் என்னை நடுங்கவைத்ததற்கு நான் வாங்கும் பழி இது. என் வீரத்துக்கு எட்டிய பழி இவ்வளவுதான்.

அத்தை என்றே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே, பஸ் நின்றால்தான் அங்கே ஓர் ஊர் இருக்கிறது என்று தெரியும், அதுதான் எங்கள் ஊர். கொஞ்சம் மானாவாரி, கொஞ்சம் கிணற்றுப் பாசனம், அதில் மிளகாய். மாமா என்றும் ஒருவர் உண்டு. அவர் பேச வேண்டிய பங்கையும் சேர்த்து அத்தையே பேசிவிடுவதால், அவர் வெற்றிலையை நிம்மதியாக மென்றுகொண்டிருப்பார்.

அத்தையின் கொள்கை எளிமையானது. “பேரு போட்ட பொருளு எந்த வீட்டுல கிடந்தாலும் நம்ம வீட்டுக்கு வந்து சேந்துரும்லே மருமவனே. பேரு போடாத பொருளு, நம்ம வீட்டுல கிடந்தாலும் நம்மது இல்ல.”

பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா, அது அவருக்குப் போதாது. வீட்டில் ஒரு சிவப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷும் எப்போதும் தயாராக இருக்கும். ஒருமுறை கயத்தாற்றில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவப் போனோம். மாப்பிள்ளையின் பெரியப்பா தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். செம்பைப் பார்த்த அத்தைக்கு ஒரு சந்தேகம். பெயர் வெட்டியிருப்பது அடிப்பக்கத்தில். அவர் கையில் இருக்கும்போதே அதை அப்படியே கவிழ்த்துப் பார்த்துவிட்டார். தண்ணீர் முழுவதும் பெரியப்பாவின் புது வேட்டியில்.

“என்னம்மா இது!” என்று அவர் பதறினார்.

“கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, என் செம்புதான்” என்றார் அத்தை மகிழ்ச்சியோடு. அவர் வேட்டியைப் பிழிந்து முடிப்பதற்குள் செம்பு எங்கள் பைக்குள் வந்துவிட்டது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதிகமில்லை. பொறியியல் படித்தேன். பாலம் கட்டுவேன் என்று வீட்டில் நம்பினார்கள். கோவில்பட்டியில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்தேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கட்சிப் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே ரோஜாப்பூ. வெயிலில் கறுத்த முகங்களை ரோஸ் கலருக்குக் கொண்டுவருவதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அத்தை ஒரே நாளில் கெடுத்துப்போட்டார்.

“ஏலே, இது யாரு?”

“நீங்கதான் அத்தை.”

“எங்க அம்மையே எந்திரிச்சு வந்தாலும் இந்த மூஞ்சிய அடையாளம் கண்டுக்கிட மாட்டா. என் கறுப்பை எடுத்து எங்கலே வச்சிருக்க? திருப்பிப் போடு.”

போட்டேன். என் கடையில் சொந்த நிறத்தில் பேனர் வாங்கிய ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அதைவிட நல்ல வாடிக்கையாளரும் எனக்கு இல்லை. போர் போட்டுத் தண்ணீர் வந்தபோது அதற்கும் ஒரு பேனர் வைத்தார்: ‘தண்ணீர் தந்த பூமித்தாய்க்கு நன்றி.’ அதில் பூமித்தாய் ஒரு மூலையில் சின்னதாக இருந்தாள். நன்றி சொன்னவர் பேனர் முழுவதும் இருந்தார்.

ஒரு தடவை எங்கள் ஊர் ரேஷன் கடையைப் பற்றி யாரோ மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். விசாரிக்க வந்தவர் அத்தையின் வாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் போல, நேராக வந்து கேட்டார்: “நீங்க எழுதினதாம்மா?”

அத்தைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “நான் எழுதியிருந்தா கீழ பேரு இருக்கும், போட்டோவும் இருக்கும். மொட்டைக் கடுதாசி போடுதவன்னு என்னையப் பாத்து எப்படிக் கேட்டீரு?” கடுதாசியில் இருந்த புகாரைவிட, அதைத் தான் எழுதியிருக்கலாம் என்று ஒருவர் நினைத்ததுதான் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இந்தக் கோபத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவரைக் காப்பாற்றப் போவது இதுதான்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் கிணற்று மோட்டார் வயர்கள் காணாமல் போகத் தொடங்கின. உள்ளே இருக்கும் செம்புக்காகத்தான். பொழுது விடிந்து தண்ணீர் பாய்ச்சப் போனால் மோட்டார் இருக்கும், ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும், இரண்டுக்கும் நடுவே வயர் இருக்காது. மிளகாய்ச் செடி பூவும் பிஞ்சுமாக நிற்கும் நேரம். தண்ணீர் தள்ளிப்போனால் பூ கொட்டும், பூ கொட்டினால் அந்த வருஷம் கொட்டியது போலத்தான். புது வயர் வாங்கி மாட்டினால் அதையும் அறுத்துக்கொண்டு போனார்கள். அத்தையின் வயரும் போனது. டிராக்டர்காரர் வயரும் போனது.

டிராக்டர்காரர் என்பவர் ஊரில் ஒரே டிராக்டர் வைத்திருந்தவர். அவர் சரி என்றால்தான் மற்றவர்கள் காட்டில் உழவு. அதனால் ஊரில் அவருக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை.

இந்தச் சமயத்தில் காவல் துறையிலிருந்து என் கடைக்கு ஒரு ஆர்டர் வந்தது. ‘திருட்டு பற்றித் தகவல் தாருங்கள். தகவல் தருபவரின் பெயர் ரகசியமாக வைக்கப்படும். தக்க சன்மானம் வழங்கப்படும்.’ கீழே ஒரு போன் நம்பர். அதற்கும் கீழே, வலது மூலையில், வழக்கம்போல என் கடைப் பெயர். பிரின்ட் காய்ந்துகொண்டிருந்தபோது அத்தை வந்தார். வாய்விட்டு வாசித்தார்.

“பேரு ரகசியமா? பொறவு சன்மானத்தை யாரு போய் வாங்குவா, பேயா?”

“சொன்னவங்களுக்கு ஆபத்து வரக் கூடாதுல்ல அத்தை?”

“ஒரு நல்ல காரியத்தைச் செஞ்சுபுட்டு ஒளிஞ்சுக்கிடணுமாம்லே. திருடனும் ஒளிஞ்சுக்கிடுதான், புடிச்சுக் குடுத்தவனும் ஒளிஞ்சுக்கிடுதான். வித்தியாசம் எப்படித் தெரியும்?”

நான் பிரின்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து விரலில் மை ஆக்கிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அத்தை கடைக்குள் புயல் மாதிரி நுழைந்தார். நாற்கரச் சாலையோரம் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார். பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடை. அதன் தகரக் கதவை ஒரு கறுப்பு வயர்த் தோலால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். செம்பை உருவிவிட்டுத் தூக்கி எறியும் வெறும் தோல். கதவு காற்றில் ஆட, தோல் திரும்ப, அதில் அவர் பெயர்.

ஆமாம். அத்தை தன் கிணற்று வயரிலும் பெயர் போட்டிருந்தார். பழுக்கக் காய்ச்சிய ஆணியால், முழத்துக்கு ஒருமுறை. திருடர்கள் செம்பை மட்டும் பார்த்தார்கள், வாசிக்கவில்லை.

“வாசல்லயே என் பேரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கான் மருமவனே! நான் உள்ள போய்க் கேட்டுட்டு வாரேன். துணைக்கு நீ வா.”

‘துணைக்கு நீ வா’ என்றதும் எழுந்து வாசலை மறித்து நின்றேன். அந்தக் கடைக்காரர் ஆள் வைத்திருப்பவர் என்று கேள்வி. என் உடம்பு மவுஸ் பிடித்து வளர்ந்த உடம்பு. “அத்தை, அத்தை, இருங்க. அதுக்குத்தானே போலீஸ்ல நம்பர் குடுத்திருக்காக” என்று கெஞ்சி உட்காரவைத்து, நானே போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன். வாயைத் திறப்பதற்கு முன்னால் மூன்று தடவை சொன்னேன்: பேர் சொல்லக் கூடாது.

எதிர்முனையில் “வணக்கம், சொல்லுங்க” என்றது ஒரு குரல்.

அத்தை தன் பெயரைச் சொன்னார். மாமா பெயரைச் சொன்னார். ஊர், தெரு, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மஞ்சள் பெயின்ட் அடித்த வீடு. “நல்லா இருக்கீங்களாய்யா? சாப்ட்டாச்சா?”

“அம்மா, பேரு வேண்டாம்மா. தகவல் மட்டும் சொல்லுங்க.”

“பேரு சொல்லாம எப்படிய்யா பேசுதது? மொட்டைக் கடுதாசியா இது?”

“உங்க பாதுகாப்புக்குத்தாம்மா. உங்களுக்கு ஒரு நம்பர் தருவோம். அடுத்த தடவை அதைச் சொன்னாப் போதும்.”

“நம்பரா? நான் என்ன டவுன் பஸ்ஸா?”

எதிர்முனை சிரிப்பை அடக்குவது ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது. ஆனாலும் நல்ல மனிதர். சொன்ன பெயரைக் கேட்காதது மாதிரி விட்டுவிட்டு, கதவு, தோல், எழுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். போனை வைத்ததும் நான் அத்தையிடம் ஊர் அம்மன் மேல் சத்தியம் வாங்கினேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது. அத்தை, கசப்பு மருந்து குடிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு சத்தியம் செய்தார்.

போலீஸ் போய் இரும்புக் கடையைச் சோதித்தது. தோல் நீக்கிய செம்பு மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. கடைக்காரர் பிடிபட்டார். வயர் கொண்டுவந்து போட்டவர்களை அவர் வரிசையாகச் சொன்னார். அதில் ஒருவன் எங்கள் ஊர்ப் பையன். டிராக்டர்காரரின் மகன்.

திருட்டு நின்றது. வாய்க்காலில் மறுபடியும் தண்ணீர் ஓடியது. மிளகாய் காய்த்தது. ஊரே, யாரோ ஒரு புண்ணியவான் தகவல் கொடுத்திருக்கிறான் என்று பேசியது. அந்தப் பேச்சு நடக்கும் இடத்திலெல்லாம் அத்தை இருந்தார். அப்போது அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். விக்கலை அடக்குகிறவர் மாதிரி உதட்டைக் கடித்துக்கொள்வார், முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். ஒருமுறை டீக்கடையில் யாரோ, “சொன்னவன் நல்லா இருப்பான்யா” என்றதும், “நல்லாத்தான் இருக்கா...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “...காபி” என்று முடித்தார். கையில் இருந்தது டீ.

அவர் மேல் யாருக்கும் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. “அந்த அம்மா சொல்லியிருந்தா இந்நேரம் பஸ் ஸ்டாப்புல பேனரு நின்னிருக்கும்லா?” என்று எல்லாரும் சொன்னார்கள். ரேஷன் கடை விஷயத்தையும் உதாரணம் காட்டினார்கள். அவருடைய தம்பட்டம்தான் அவருக்குப் பாதுகாப்பு.

ஆனால் சந்தேகம் என்பது ஒரு தலை கிடைக்காவிட்டால் இன்னொரு தலையில் உட்காரும். அது சுப்பையா தலையில் போய் உட்கார்ந்தது. சுப்பையா எங்கள் ஊர்க்காரர். அந்த இரும்புக் கடையில் எடை போடும் வேலையில் இருந்தவர். வயர்த் தோலுக்குள் என்ன கதை இருந்தது என்று தெரியாமல், கொண்டுவந்ததை நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர். அவருடைய கெட்ட நேரம், அந்த வாரம்தான் ஒரு பழைய மொபெட் வாங்கினார், பெண்டாட்டி ராசாத்தி கட்டிய சீட்டு விழுந்து.

“சன்மானக் காசுலே அது” என்றார் டிராக்டர்காரர். “சோறு போட்ட கடையக் காட்டிக் குடுத்து, என் மவனையும் உள்ள தள்ளிட்டு, வண்டி ஓட்டுதான்.” அதோடு நிறுத்தவில்லை. சுப்பையாவையும் ராசாத்தியையும் வேலைக்குக் கூப்பிடுகிறவர் காட்டுக்குத் தன் டிராக்டர் வராது என்றார். மிளகாய் பறிப்புக்கு ராசாத்தியைக் கூப்பிடுவது நின்றது. ஒரு நாள் காலையில் மொபெட் சீட்டைப் பிளேடால் கிழித்துப் போட்டிருந்தார்கள். சுப்பையா எத்தனையோ பேரிடம் சத்தியம் செய்து பார்த்தார். சொல்லவே இல்லை என்று ஒருவர் எப்படி நிரூபிப்பது?

கடைசியில் குடும்பத்தோடு புதியம்புத்தூருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். அங்கே ரெடிமேட் துணி தைக்கும் இடங்களில் ராசாத்திக்கு வேலை கிடைக்கும். அவர்களுக்கு வீடு என்று ஒன்று எங்கள் ஊரில்தான் இருந்தது, ஆட்டுக் கொட்டகையோடு.

இது தெரிந்த அன்றே அத்தை என் கடைக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் பழைய பேனர்களில் தன் முகம் இருக்கிறதா என்று தேடுவார். அன்று தேடவில்லை.

“ஒரு பேனர் அடிக்கணும் மருமவனே. பெருசா.”

“என்ன விசேஷம் அத்தை?”

“தகவல் குடுத்தது நான்தான்னு போடு.”

நான் சேரிலிருந்து எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். “அத்தை, சத்தியம் பண்ணியிருக்கீங்க!”

“அம்மன்கிட்டப் போய்க் கேட்டேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல, போன்னுட்டா.”

“டிராக்டர்காரர் சும்மா விடுவாரா? நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு.”

குரலைத் தாழ்த்தி அத்தை பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“என் பேரு போட்ட செம்பு எவன் வீட்டுல இருந்தாலும் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேனா இல்லையா? இதுவும் என் பேரு போட்ட பொருளுதான்லே. நான் செஞ்ச காரியம். நல்லதோ பொல்லாததோ, அது என் வீட்டுக்கு வர வேண்டியது. அதைத் தூக்கி சுப்பையா தலையில வச்சிருக்காக. அவன் சுமந்துக்கிட்டு ஊரை விட்டுப் போறான். நான் வாய மூடிட்டு இருந்தா, வயரை அறுத்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

அடித்தேன். அத்தையின் முகம் ஆள் உயரத்துக்கு, சொந்தக் கறுப்பில். மேலே, ‘வயர் திருட்டைப் பற்றிப் போலீசுக்கு ரகசியத் தகவல் கொடுத்தவர்’. கீழே தடித்த எழுத்தில் அந்தப் பெயர். ‘ரகசிய’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “அது இருக்கட்டும், அதுதானே பட்டம்” என்றார்.

ஒன்றே ஒன்று மட்டும் நான் செய்தேன். கடை தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, வலது மூலையில் என் கடைப் பெயரைப் போடவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் பேனரை நிறுத்தினோம். நிறுத்தினோம் என்றால், அத்தை சவுக்குக் கம்பைப் பிடிக்க, மாமா கயிறு கட்ட, நான் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். சுப்பையாவின் சாமான்களை ஏற்றிய லோடு ஆட்டோ அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. ராசாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பேனருக்குக் கீழே போட்டு, ஒரு சுளகு நிறைய மிளகாய் வற்றலை மடியில் வைத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தார். மேலே ஒரு அத்தை, கீழே ஒரு அத்தை. ஊர் கூடிவிட்டது.

டிராக்டர்காரர் வந்தார். பேனரைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“என்னம்மா இது?”

“எழுதியிருக்குல்லா அண்ணாச்சி.”

“நீயா சொன்னே? சுப்பையாவைக் காப்பாத்துததுக்குச் சும்மா சொல்லுத.”

“போலீஸ்காரவுக எனக்கு ஒரு நம்பரு குடுத்திருக்காக. போன் போட்டுக் கேளும். சுப்பையாவுக்குக் குடுத்த நம்பரு என்னன்னும் கேளும்.”

டிராக்டர்காரர் முகம் சிவந்தது. “என் மவனை உள்ள தள்ளிட்டு, போட்டோ வேற போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. பயமா இல்லையா உனக்கு?”

“பயந்தவ போட்டோ இம்புட்டுப் பெருசா இருக்குமா அண்ணாச்சி?” ஒரு வற்றலின் காம்பைக் கிள்ளி எறிந்தார். “நான் கடையத்தான் சொன்னேன். உம்ம மவனைச் சொன்னது கடைக்காரன். கோவப்படணும்னா வரிசையில வாரும், மொதல்ல வயரை அறுத்த கையி, அதுக்குப் பொறவுதான் நான்.”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் பயந்து நின்றது. டிராக்டர்காரர் சுற்றிலும் பார்த்தார். “எவன்லே இதை அடிச்சுக் குடுத்தது?” என்று கேட்டுவிட்டு, பேனரின் வலது மூலையைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் யார் அடித்தது என்று தெரிய எல்லாரும் பார்க்கும் இடம் அதுதான். அங்கே வெறும் வெள்ளை. டீக்கடைத் தூணுக்குப் பின்னால், தூணைவிட அகலமாக நின்றிருந்த நான் என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டேன்.

அப்போது அத்தையும் மூலையைப் பார்த்தார்.

“ஏலே மருமவனே!” என்று சத்தம் போட்டார். “உன் கடைப் பேரு எங்கலே?”

ஊரே தூணைத் திரும்பிப் பார்த்தது.

“இடம்... இடம் பத்தல அத்தை.”

“இடமா பத்தல? யான மாதிரி இடம் கிடக்கு. மொட்டைப் பேனரா எனக்கு அடிச்சுக் குடுத்த?”

யாரோ அத்தை வீட்டிலிருந்து பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்து வந்துவிட்டார்கள். டிராக்டர்காரர் பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து என் கடைப் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். எழுத்துக்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து, குடித்துவிட்டு வீடு திரும்புகிறவை மாதிரி நின்றன. எழுதி முடித்து நிமிர்ந்தபோது ஒரு விசித்திரம். பயத்தைக் காணோம். முதுகுவலி மட்டும்தான் இருந்தது.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. கூட்டத்திலிருந்து ஒரு பெண், கிணற்று வயர் இரண்டு தடவை பறிகொடுத்தவள், முன்னால் வந்து அத்தையைப் பார்த்துச் சண்டைக்கு நின்றாள்.

“ஏன் மதினி, உங்க வயரு மட்டுந்தான் போச்சா? எங்க வயரு போகலையா? இம்புட்டுப் பெரிய பேனர்ல கீழ எங்க மூஞ்சிய ஒரு வரிசை போட்டா என்ன கொறஞ்சு போயிரும்?”

விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். எங்கள் பக்கத்துப் பேனரில் பெரிய முகத்துக்குக் கீழே, சொந்தபந்தம் எல்லாருடைய முகமும் சின்னச் சின்ன வட்டத்தில் வரிசையாக இருக்கும். அதில் விட்டுப்போன முகத்துக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தை அவசரத்தில் அந்த வரிசையை மறந்துவிட்டார். முறைப்படி இது பெரிய குற்றம்.

“அதானே” என்றாள் இன்னொருத்தி. “நாங்க என்ன திருடனுக்குச் சொந்தமா?”

“எங்க வீட்டுலயும் எல்லார் போட்டோவும் வரணும். மாமியார விட்டா எனக்குத்தான் பேச்சு.”

“உழவு?” என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

“கயத்தாத்துல வாடகைக்கு டிராக்டரே இல்லாமப் போச்சா?” என்றது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். அதைச் சொன்னவர் யார் என்று பார்த்தேன். என் மாமா. வாயில் வெற்றிலை இல்லை.

டிராக்டர்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் பெண்டாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகன் உள்ளே போன நாளிலிருந்து வெளியே தலைகாட்டாதவர். கண் வீங்கியிருந்தது. புருஷனைப் பார்க்காமல் பேனரைப் பார்த்துச் சொன்னார்: “நம்ம கிணத்து வயரையும் அவன்தானே அறுத்தான்? நம்ம செடியும்தானே வாடிச்சு? பெத்த வயிறு எரியத்தான் செய்யுது. அதுக்காவ, நிறுத்துப் போட்டவன ஊரை விட்டு வெரட்டுவீயளா?” பிறகு என்னிடம் திரும்பி, “தம்பி, என் போட்டோவையும் போடு. கடைசியில போட்டாப் போதும்” என்றார்.

டிராக்டர்காரர் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் போகிற திசையில் வழிவிட்டார்கள், மரியாதையாகத்தான்.

அத்தை சுளகை இறக்கி வைத்துவிட்டு லோடு ஆட்டோவிடம் போனார். சாமான்களை ஒரு பார்வை பார்த்தார்.

“சுப்பையா, அந்த அண்டா யாருது?”

சுப்பையா விழித்தார். “உங்களதுதான்க்கா. மவ சடங்குக்கு இரவல் வாங்கினது. அவசரத்துல ஏத்திட்டாக போல.”

“என் பேரு போட்ட அண்டாவை ஊரு தாண்டிக் கொண்டுபோனா திருட்டுக் கேஸு. போலீஸ் நம்பரு எனக்கு மனப்பாடம். இப்பவே போடட்டுமா?” என்றார். அப்புறம் குரல் உடைந்தது, உடனே ஒட்டிக்கொண்டது. “எறக்குலே சாமான. ஏட்டி ராசாத்தி, என் காட்டுல பழம் பழுத்துக் கொட்டுது, பறிக்க ஆளக் காணோம். நீ புதியம்புத்தூர்ல போயி சட்டைக்குக் காலர் வைக்கப் போறியாக்கும்?”

ராசாத்தி முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இறங்கினாள். அண்டாதான் முதலில் இறங்கியது. என் போன் ஓயாமல் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால் வாட்ஸப்பில் போட்டோக்கள் முகம் முகமாக வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒருவர் தன் எருமையின் படத்தையும் அனுப்பியிருந்தார்.

சாயங்காலமே போலீசிலிருந்து கூப்பிட்டார்கள். அன்று ஸ்பீக்கரில் சிரிப்பை அடக்கிய அதே குரல். “அந்த அம்மா பாதுகாப்புக்காகத்தான் சார் நாங்க ரகசியமா வச்சோம். பேனரை இறக்கச் சொல்லுங்க.” போனை அத்தையிடம் கொடுத்தேன்.

“இறக்கிருதேன்ய்யா. புதுசு வந்ததும் இறக்கிருதேன். புதுசுல ஊரு மூஞ்சி அம்புட்டும் இருக்கு. தகவல் குடுத்தது நாங்கதான்னு போட்டிருக்கு. இனிமே ஒருத்தன் வந்து எந்த மூஞ்சியன்னு மெரட்டுவான்? இப்பத்தான்ய்யா உங்க ரகசியம் பத்திரமா இருக்கு.”

எதிர்முனை இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. சன்மானத்தை மேடை போட்டு மாலையோடு தர வேண்டும் என்று அத்தை கேட்டுப் பார்த்தார். விதி இடம் தராது என்றார்கள். கமுக்கமாக வாங்கி வந்த அந்தக் காசு புதுப் பேனருக்குச் சரியாகப் போனது. எருமைக்கும் ஒரு வட்டம் கொடுத்தேன்.

அத்தை இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். அங்கே அடுக்குமாடியில் எந்தக் கதவிலும் பெயர் கிடையாதாம், வெறும் நம்பர்தானாம். போன வாரம் போனில் ஒரு போர்டு ஆர்டர் கொடுத்தார். அளவு கேட்டேன். கதவளவு என்றார்.

எங்கள் பக்கம் பேனருக்கு இரண்டாவது பிறவி உண்டு. விசேஷம் முடிந்ததும் மிளகாய் காயப்போட விரிப்பார்கள், கூரை மேல் போர்த்துவார்கள். அத்தை தனியாக இருந்த முதல் பேனர், சுப்பையாவின் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். கொட்டகை மேல் மல்லாந்து, சொந்தக் கறுப்பில், வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எந்த மழைக்கும் ஒழுகியதில்லை என்று சுப்பையா சொல்கிறார். கீழே வலது மூலையில், சிவப்புப் பெயின்டில், கோணல்மாணலாக, நானும் இருக்கிறேன்.